முகம் தெரியாத குடித்தனக்காரி

சேரப்பணஞ்சேரியில் அந்த மாடி வீடு கிடைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த, முப்பது வயதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாத ஒரு பெண் ஒரகடத்தில் வேலை பார்க்கலாம். கார் சீட் தைக்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற சூப்பர்வைசராக இருக்கலாம். தையல் சரியில்லை என்று ஒரு லைனையே நிறுத்தி வைக்கலாம். ஆனால் வீடு கேட்டுப் போனால், "வூட்டுக்காரர் எங்க?" என்றுதான் எல்லா வாசலிலும் கேட்டார்கள். இல்லை என்றதும் காலியாக இருந்த வீட்டுக்கும் திடீரென்று ஆள் வந்துவிடும். மாதக்கணக்கில் அலைந்து, கடைசியில் இந்த வீட்டுக்காரம்மாதான் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தனியாவா இருக்கப் போற? சரி, இரு. சத்தம் கித்தம் இல்லாம இருந்தா போதும்" என்று சாவியைக் கொடுத்தார். கீழ்வீட்டில் அவரும் அவருடைய கணவரும் இருந்தார்கள். நிலத்தின் ஒரு பகுதியை விற்று வீடு கட்டியவர்கள். மீதி நிலத்தில் இன்னும் நெல் போட்டார்கள்.

மூன்று வருடம் நிம்மதியாக இருந்தேன். அப்போதுதான் குஜராத்தில் எங்கள் கம்பெனி புதிதாக ஒரு தொழிற்சாலையைத் திறந்தது. லைன் ஓடத் தொடங்கும்வரை ஆறேழு மாதம் அங்கே இருக்க வேண்டும் என்றார்கள். மறுக்க முடியாது. வீட்டைக் காலி செய்தால் திரும்பி வந்து மறுபடியும் வாசல் வாசலாக ஏற வேண்டும். பூட்டிவிட்டுப் போகிறேன் என்றால் வீட்டுக்காரம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"வெளக்கு எரியாத வூடு தலைக்கு மேல இருந்தா எனுக்கு நல்லால்லமா. யாரனா நல்ல பொண்ணா பாத்து வெச்சிட்டுப் போ."

"எனக்கும் அதான் தோணுது. யாரை வைக்கன்னு தெரியல."

"யார வெச்சாலும் எனுக்கு அவங்களத் தெரியாது. உன்னத்தான் தெரியும். நீதான் பொறுப்பு, பாத்துக்கோ."

சரி என்று தலையாட்டினேன். அந்த வார்த்தையின் எடை அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வாட்ஸப் குழு ஒன்றில் செய்தி போட்டேன். ஒரு பெண் வந்தாள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போனுக்கு உதிரிபாகம் பொருத்தும் தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் வேலை. ஊர் தருமபுரிப் பக்கம். ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள். தலைக்கு மாட்டும் குல்லாயின் தடம் நெற்றியில் சிவப்பாக இருந்தது. உள்ளே வந்ததும் அறைகளைப் பார்க்கவில்லை. சமையலறைக் குழாயைத் திறந்து தண்ணீரைக் கையில் பிடித்துப் பார்த்தாள். "தண்ணி நல்லா வருதுங்கக்கா" என்றாள். அது எனக்குப் பிடித்திருந்தது. அவளும் அவளுடைய தோழி ஒருத்தியும், இரண்டு பேர் மட்டும், என்று பேச்சு. நல்ல நகை நட்டு, சான்றிதழ் எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் அலமாரியிலும் அடுப்படியிலும் இருந்தபடியே இருந்தது. ஒரு வீட்டையே சாவியோடு கொடுத்துவிட்டு பீரோவை மட்டும் பூட்டினோமே என்று ரயில் அரக்கோணம் தாண்டியபோது தோன்றியது.

அன்றைக்குத் தொடங்கிய இருப்புக்கொள்ளாமை குஜராத்திலும் விடவில்லை. புது ஊர், பாஷை தெரியாது, ரொட்டியும் இனிப்புப் பருப்பும் தொண்டையில் இறங்காது. இதெல்லாம்கூடப் பழகிவிட்டது. வீட்டு நினைப்புதான் பழகவில்லை. மெஷினில் ஒரு சீட் உறையைத் திருப்பித் தையல் பார்த்துக்கொண்டிருப்பேன். திடீரென்று, கேஸை அணைத்திருப்பார்களா என்று தோன்றும். மழை என்று செய்தியில் சொன்னால், பின்பக்க ஜன்னலைச் சாத்தியிருப்பார்களா என்று தோன்றும். தேநீர் இடைவேளையில் அவளுக்குப் போன் போட்டால் எடுக்க மாட்டாள். லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பது எனக்கும் தெரியும், எங்கள் கம்பெனியிலும் அதுதான் சட்டம். தெரிந்தும் மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருப்பேன்.

சாயங்காலம் அவளே கூப்பிடுவாள். "எல்லாம் நல்லா இருக்குங்கக்கா. கவலைப்படாதீங்க."

ஒருநாள் பின்னால் ஏகப்பட்ட குரல்கள் கேட்டன. யாரோ சிரித்தார்கள், யாரோ பக்கெட்டை இழுத்தார்கள்.

"யாரு அதெல்லாம்?"

"டிவிங்கக்கா."

என் வீட்டில் டிவி கிடையாது. போனை வைத்துவிட்டு, தங்கியிருந்த அறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். ஒருவேளை வாங்கியிருப்பாளோ என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன்.

அடுத்த வாரம் வீட்டுக்காரம்மா கூப்பிட்டார்.

"இன்னாம்மா, ரெண்டு பேருன்னு சொன்ன. மேல நடந்துக்கினே கீறாங்க. பகல்ல ஒரு கூட்டம் வருது, ராவுல ஒரு கூட்டம் போவுது. கொடில எத்தினி சுடிதார் தொங்குது தெரியுமா? காத்தால மோட்டார் போட்டா மத்தியானம் டேங்க் காலி. எங்க வூட்டுக்காரரு கோவமா கீறாரு."

தருமபுரிப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஒரு ஃப்ரெண்டு வந்திருக்காங்கக்கா, ரெண்டு நாள்ல போயிருவா" என்றாள். குரலில் பொய் இருப்பது தெரிந்தது. எவ்வளவு பெரிய பொய் என்றுதான் தெரியவில்லை. என்னென்னவோ கேள்விப்பட்ட கதைகள் மனதில் ஓடின. வாடகைக்கு விட்ட வீட்டில் கள்ளச் சாராயம், வாடகைக்கு விட்ட வீட்டில் பிணம். தசராவுக்குக் குஜராத்தில் சேர்ந்தாற்போல விடுமுறை வந்தது. யாரிடமும் சொல்லாமல் டிக்கெட் போட்டேன். ரயிலில் என்னால் உட்கார முடியவில்லை. கதவருகே போய் நிற்பதும் திரும்பி வருவதுமாக இருந்தேன்.

சென்ட்ரலில் இறங்கி, தாம்பரம் வந்து, பஸ் பிடித்து, படப்பையில் ஷேர் ஆட்டோ ஏறி நான் வீட்டுக்குப் போனபோது நல்ல வெயில். படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை, அத்தனை செருப்புகள். கதவைத் தட்டினேன். தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் திறந்தாள். இதற்கு முன் நான் அவளைப் பார்த்ததில்லை.

"யாரு வேணும்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நீ யாரு?"

"நான் இங்கதான் குடியிருக்கேன். சத்தமா பேசாதீங்க, எல்லாரும் தூங்கறாங்க."

உள்ளே போனேன். ஜன்னல்களில் என் போர்வைகளைக் கட்டி இருட்டாக்கி வைத்திருந்தார்கள். கூடத்தில் வரிசையாகப் பாய்கள். இரவு ஷிஃப்ட் முடித்து வந்த பெண்கள் சுருண்டு கிடந்தார்கள். என் கட்டிலில் இரண்டு பேர், ஒருத்தியின் காலடியில் இன்னொருத்தியின் தலை. இவர்கள் எழுந்து போனால் பகல் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள் இதே பாய்களில் படுப்பார்கள் என்பது எனக்கு உடனே புரிந்தது. ஒரகடத்தில் இப்படி வீடுகள் இருப்பது எனக்குத் தெரியாததல்ல. என் வீடு அப்படி ஆகும் என்றுதான் நினைக்கவில்லை. தொண்டைவரை கோபம் வந்தது. ஆனால் அத்தனை பேர் அயர்ந்து தூங்கும் இடத்தில் எப்படிக் கத்துவது? ரயிலில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வாயிலேயே நின்றன.

தருமபுரிப் பெண் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். "மொட்டை மாடிக்கு வா" என்று சைகை காட்டினேன்.

கொடித் துணிகளுக்கு நடுவே நின்று சண்டை போட்டோம். சண்டை என்ன, நான்தான் பேசினேன்.

"என்ன தாயி இது? சத்திரம்னு நெனைச்சியா?"

அவள் அழுதாள். அவர்கள் தங்கியிருந்த ஹாஸ்டலைக் காண்ட்ராக்டர் திடீரென்று மூடிவிட்டானாம். எல்லாரையும் வாலாஜாபாத்தைத் தாண்டி எங்கேயோ ஒரு ஷெட்டுக்குப் போகச் சொன்னானாம். அங்கே கக்கூஸுக்குக் கதவு கிடையாதாம். "ஒருத்தி கேட்டா, வான்னு சொன்னேங்கக்கா. அவளக் கூட்டிட்டு வந்தப்பறம் இன்னொருத்திய வெளிய நிறுத்த முடியல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வேண்டாம்னுவீங்க."

அது உண்மைதான். நான் குஜராத்துக்குத் திரும்பும் முன் எல்லாரும் காலி செய்ய வேண்டும், நீ உட்பட, என்று சொன்னேன். தலையாட்டினாள். ஆனால் நகரவில்லை. துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

"அக்கா, இன்னொன்னு. ஒருத்தி நேத்து நைட் ஷிஃப்ட் போனா. இன்னும் வரல."

காலையில் கம்பெனி பஸ் வந்தபோது அவள் இல்லை. ஓ.டி. பார்க்கிறாள் என்று நினைத்திருக்கிறார்கள். ஓ.டி. முடிகிற நேரமும் தாண்டிவிட்டது. போன் அணைந்திருந்தது. போன வாரம்தான் வந்து சேர்ந்த பெண், சின்னசேலத்துக்காரி என்பது தவிர யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வீட்டு நம்பர்கூட இல்லை.

"போட்டோ இருக்கா?"

தன் போனில் காட்டினாள். ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் எடுத்தது. கடுகு நிறத்தில் அரக்குக் கரை போட்ட பருத்திப் புடவை. என் புடவை. அம்மா எடுத்துக் கொடுத்தது. புடவையைத்தான் முதலில் பார்த்தேன். அதற்கப்புறம்தான் முகம் கண்ணில் பட்டது. பத்தொன்பது, இருபது வயது இருக்கும். கட்டத் தெரியாமல் கட்டிய புடவையில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள்.

இதற்குள் வீட்டுக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார். நான் வந்ததைக் கீழிருந்து பார்த்திருக்கிறார். பின்னாலேயே வீட்டுக்காரம்மாவும் வந்தார். விஷயத்தைச் சொன்னதும் வீட்டுக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது.

"வயசுப் பொண்ணு காணோம்ன்ற. யாரு என்னான்னு எனுக்கு ஒண்ணும் தெரியாது. நாளைக்கு ஸ்டேஷன்லேந்து வந்து கேட்டா உன்னத்தான் கை காட்டுவேன்."

நான் பார்த்தே இராத ஒரு பெண். அவளுக்கு ஏதாவது ஆனால் முதலில் எழுதப்படும் பெயர் என்னுடையது. செய்தித்தாளில் வருகிற மாதிரியெல்லாம் ஓடியது. வல்லக்கோட்டைச் சாலை, ஏரிக்கரை, லாரிகள். தருமபுரிப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையும் சில்லென்றிருந்தது.

வீட்டுக்காரம்மாதான் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "கத்திக்கினே நின்னா பொண்ணு வந்துருமா? வண்டிய எடு. இட்டுனு போ இவங்கள."

அவர் முனகிக்கொண்டே இறங்கிப் போய் வேனை எடுத்தார். நெல் மூட்டை ஏற்றுகிற சின்ன வேன். முன்னால் நாங்கள் இரண்டு பேரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். வழி நெடுக அவர் திட்டிக்கொண்டே வந்தார். எங்களை, காண்ட்ராக்டரை, லாரிக்காரர்களை, நிலத்தை விற்ற தன்னை. நான் சாலையோரம் நின்ற, நடந்த ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லாரும் ஒரே மாதிரிக் கழுத்தில் அடையாள அட்டையோடு, ஒரே மாதிரிச் சோர்ந்த முகத்தோடு போனார்கள். போட்டோவில் பார்த்த முகம் அதற்குள் எனக்குக் கலங்கிவிட்டது. அவளே எதிரில் வந்தாலும் அடையாளம் தெரியுமா என்று பயமாக இருந்தது.

தொழிற்சாலை வாசலில் எங்களை உள்ளே விடவில்லை. காண்ட்ராக்டரின் ஆள் போனில், "ஆள் ஷிஃப்ட்டுக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் எங்களுக்குத் தெரியாது" என்றான். நான் என் கம்பெனி அட்டையைக் காட்டினேன், இங்கிலீஷில் பேசிப் பார்த்தேன். வாசல் காவலாளி வேறு பக்கம் பார்த்தார். அப்போது வீட்டுக்காரர் வேனிலிருந்து இறங்கி வந்தார்.

"இன்னா மாமா, நீ பிள்ளைப்பாக்கத்துக்காரன்தானே? எங்க சித்தப்பா வூட்டு சம்பந்தி நீ. கொஞ்சம் கேட்டு சொல்லேன். பொம்பளப் புள்ள விஷயம்."

காவலாளி அவரை உற்றுப் பார்த்தார். "அடடே, நீயா?" என்றபடி உள்ளே போனவர் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். விடியற்காலையில் லைனில் ஒரு பெண் மயங்கி விழுந்திருக்கிறாள். நல்ல காய்ச்சல். ஆம்புலன்ஸில் ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். கூடப் போன காண்ட்ராக்டர் ஆள் சேர்த்துவிட்டு வந்துவிட்டான். தகவல் சொல்ல, காண்ட்ராக்ட் பெண்கள் எல்லாருக்கும் பதிவில் இருந்த பழைய ஹாஸ்டல் நம்பருக்கு அடித்திருக்கிறார்கள். அதைத்தான் மூடிவிட்டார்களே. அவள் போன் லாக்கருக்குள் கிடந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வீட்டுக்காரர் யாரையும் திட்டவில்லை. வழக்கத்தைவிட வேகமாக ஓட்டினார்.

காய்ச்சல் வார்டில் கடைசிக் கட்டிலில் இருந்தாள். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. போட்டோவில் பார்த்ததைவிடச் சின்னவளாகத் தெரிந்தாள். தருமபுரிப் பெண்ணைப் பார்த்ததும் அழத் தொடங்கினாள். நர்ஸ் வந்து, "காலையிலேருந்து தனியா கிடக்குது. டெங்கு. நீங்க சொந்தமா?" என்று என்னைக் கேட்டார்.

"எங்க வீட்டுல இருக்கற பொண்ணு" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அவள் என்னையே பார்த்தாள். யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. தருமபுரிப் பெண் குனிந்து, "இவங்கதான் வீட்டு அக்கா" என்றாள். கட்டிலில் இருந்தவள் எழுந்து உட்காரப் பார்த்தாள். முகத்தில் அப்படி ஒரு பயம்.

"அக்கா, பொடவைய தொவச்சு மடிச்சு வெச்சிட்டேங்கக்கா. கறை ஒண்ணும் ஆவல."

நான் அவள் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தேன். உடம்பு கொதித்தது. வெளியே போய்க் கஞ்சி வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் எங்கிருந்தோ இரண்டு இளநீரோடு வந்தார். "ஒண்ணு அந்தப் பொண்ணுக்கு. ஒண்ணு நீ குடி" என்றார்.

அவளிடம் நம்பர் வாங்கித் தகவல் சொன்னதில், மறுநாள் அவளுடைய அப்பா வந்து சேர்ந்தார். வெள்ளை வேட்டி சேற்றுக் கறையோடு இருந்தது. மரவள்ளிக் காட்டு வேலையிலிருந்து அப்படியே பஸ் ஏறியிருக்கிறார். மகளைப் பார்த்துவிட்டு வந்து என் முன்னால் கைகூப்பி நின்றார்.

"வார்டனம்மா நீங்கதானுங்களா?"

"இல்லீங்க. நான் வார்டன் இல்ல."

"அப்ப, இந்தப் புள்ளைங்களுக்கு யாருங்க பொறுப்பு?"

நான் தருமபுரிப் பெண்ணைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். வீட்டுக்காரர் வேன் சாவியைச் சுழற்றிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். "டாக்டரைப் பாக்கலாம் வாங்க" என்று நான்தான் அந்த அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன்.

பெண் பிழைத்துக்கொண்டாள். அப்பா ஊருக்கு அழைத்துப் போனார். நான் விடுமுறையை நீட்டித்துக்கொண்டு, அது தீரும்வரை அந்த வீட்டில்தான் இருந்தேன். சமையலறையில் பாய் போட்டுப் படுத்தேன். யாரையும் காலி செய்யச் சொல்ல மறுபடியும் வாய் வரவில்லை. நான்கு பேருக்கு மேல் வேண்டாம் என்று தருமபுரிப் பெண்ணிடம் சொன்னேன். "சரிங்கக்கா" என்றாள். அவள் சொன்னதை நான் நம்பவில்லை. நான் நம்பவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் நான் குஜராத்துக்குத் திரும்பிய பிறகு தினமும் சாயங்காலம் கூப்பிட்டு, இன்று வீட்டில் யார் யார், யார் எந்த ஷிஃப்ட், எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டார்களா என்று அவளே சொல்லத் தொடங்கினாள். அதைக் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கியது. முகம் தெரியாத பெண்களின் ஷிஃப்ட் நேரங்களை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, ஆயிரம் மைலுக்கு அப்பால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பு வீட்டை நினைத்து இருப்புக்கொள்ளவில்லை. இப்போது அவர்களை நினைத்து.

நான் திரும்பும் நேரம் நெருங்கியபோது வீட்டுக்காரர் போன் செய்தார். தயங்கித் தயங்கித்தான் பேசினார்.

"தப்பா நெனிச்சிக்காதம்மா. வூட்ட அந்தப் பொண்ணுங்களுக்கே நேரா வுட்ரலாம்னு பாக்குறேன். தலைக்கு இவ்ளோன்னு வாங்கிக்கிறேன். மேல இன்னொரு கக்கூஸும் கட்டப் போறேன். நீ ஒண்டி ஆளு. உனுக்கு எதுக்கு அம்மாம் பெரிய வூடு?"

திருட்டு, நெருப்பு, போலீஸ் என்று என்னென்னவோ நினைத்துப் பயந்திருந்தேன். இது மட்டும் தோன்றவே இல்லை. கோபப்படக்கூட வழி தெரியவில்லை. "சரிங்க" என்றேன். அன்று சாயங்காலம் தருமபுரிப் பெண் போனில் அழுதாள். "நாங்க கேக்கலீங்கக்கா. அவரேதான் வந்து கேட்டாரு."

"தெரியும். அழாத."

திரும்பி வந்து, வேறு வீடு கிடைக்கும்வரை சில வாரங்கள் அவர்களோடுதான் இருந்தேன். இந்தத் தடவை குடித்தனக்காரர்கள் அவர்கள், நான் வந்து தங்கியவள். எப்போது பார்த்தாலும் ஏதாவது ஒரு அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும். யாரோ எழுந்து போவார்கள், யாரோ வந்து படுப்பார்கள். எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. படப்பையில் ஒற்றை அறை ஒன்று கிடைத்தது. அங்கும் "வூட்டுக்காரர் எங்க?" என்றுதான் கேட்டார்கள். இந்தத் தடவை எங்கள் வீட்டுக்காரம்மாவே கூட வந்து, "எங்க பொண்ணு மாதிரி, நான் சொல்றேன், குடு" என்று பேசி முடித்தார்.

வீடு மாறிய அன்று வீட்டுக்காரர் வேனைக் கொண்டுவந்தார். பெண்கள் எல்லாருமாகச் சேர்ந்து பீரோவைத் தூக்கினார்கள். கனத்தது. படிக்கட்டில் "பாத்து, பாத்து" என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டு இறக்கினார்கள். கடைசியாக ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்தேன். பீரோ நின்ற இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக, நீள்சதுரமாக இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் அதைப் பெருக்கி, ஈரத்துணியால் துடைத்து, காயும்வரை காத்திருக்காமல் ஒரு பாயை விரித்தாள்.

"இங்க யாரு?" என்று கேட்டேன்.

"சின்னசேலத்துக்காரி, அக்கா. நாளைக்கு வர்றா."